மழை ஒரு வாரம். கடன் 35 நாள்!

சென்னை-

வெயில்!

ஒரு வாரம் கழித்து வரும் வெயிலுக்கு இருக்கிற மரியாதையே தனி. சித்திரையில் இதே வெயிலைப் பார்த்து, "பாழாய்ப்போன வெயில், ஆளைக் கொல்லுது" என்று திட்டிய வாய்தான், மார்கழியில் "அப்பாடா! சூரியன் கண்ணைத் திறந்தான்" என்று கையெடுத்துக் கும்பிடுகிறது.

கார்த்திகை, மார்கழி வந்தால் சென்னை பார்க்கிற காட்சி இது. ஏழு நாள் மழை. கொட்டோ கொட்டென்று கொட்டும். கடலில் இருந்து ஊதற்காற்று சீறிக்கொண்டு வரும். குடை மடங்கும்; கூரை பறக்கும்; கரண்ட் போகும். எட்டாம் நாள் காலையில் பார்த்தால், வானம் துடைத்து விட்டது போல இருக்கும்!

அவ்வளவுதான். ஊரே மொட்டை மாடிக்கு ஏறிவிடும். ஈரத் துணி, தலையணை, பாய், பள்ளிக்கூடப் பை, பாட்டியின் கம்பளி... எல்லாம் கொடிக்கு வந்துவிடும். டீக்கடை வாசலில் கூட்டம். பஸ்சில் கூட்டம். "விட்டுது சனியன்!" என்று ஆளுக்கு ஆள் சிரிப்பு.

இந்தச் சிரிப்புக்கு நடுவே, சைக்கிள் போய் இப்போது மோட்டார் சைக்கிளில், கையில் ஒரு சின்ன நோட்டோடு ஒருவர் தெருவுக்குள் நுழைகிறார்.

அவர்தான் தண்டல்காரர்!

மழை அவரைத் தடுத்திருக்கலாம். வெயில் தடுக்காது.

"ஏழு கட்டம் காலி!"

நடைபாதையில் கடை போடுகிறவர்கள், தள்ளுவண்டிக்காரர்கள், பூ விற்கும் பெண்கள், மீன் கூடை சுமக்கிறவர்கள்... சென்னையில் இவர்களுக்குப் பேங்கு என்றால் பெரும்பாலும் தண்டல்தான். காலையில் கேட்டால் மாலையில் பணம் கையில். கையெழுத்து அதிகம் கிடையாது, அலைச்சல் கிடையாது. ஆனால் தினமும் கட்ட வேண்டும். ஞாயிற்றுக்கிழமை உண்டு, பண்டிகை உண்டு, மழைக்கு மட்டும் லீவு கிடையாது.

வெயில் வந்த முதல் நாள் பேச்சு எப்போதும் ஒரே மாதிரிதான் இருக்கும்.

"என்னாக்கா, ஏழு நாளா ஆளையே காணோம்?"

"மழையில எங்கண்ணே கடை போடறது? அடுப்பே பத்தலை."

"மழை எனக்கும்தான் பேஞ்சுது. நோட்டுல ஏழு கட்டம் காலியா கெடக்குதே! இன்னிலேர்ந்து டபுளா கட்டு."

அடித்தால் போலீசுக்குப் போகலாம். திட்டினால் திருப்பித் திட்டலாம். சிரித்துக்கொண்டே கேட்கிறவரிடம் என்ன செய்வது? அக்காவும் சிரித்துக்கொண்டே முந்தானை முடிச்சை அவிழ்க்கிறார்.

இப்போது ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம்.

கணக்கு இதோ!

ஒரு தள்ளுவண்டி டிபன் கடை. மாவு, கேஸ், காய்கறி செலவு எல்லாம் போக நாளைக்கு 600 ரூபாய் மிஞ்சுகிறது என்று வைத்துக்கொள்வோம்.

வீட்டுச் செலவு ஒரு நாளைக்கு ரூ.400. அரிசி ரேஷனில் வந்தாலும் பால், பருப்பு, வாடகை, பஸ், பிள்ளைகள் செலவு இருக்கிறதே.

தண்டல் ஒரு நாளைக்கு ரூ.100. பத்தாயிரம் என்று பேசி, முதலிலேயே 1,500-ஐப் பிடித்துக்கொண்டு, கையில் 8,500 கொடுத்திருக்கிறார் தண்டல்காரர். தினம் நூறு வீதம் நூறு நாள் கட்ட வேண்டும்.

ஆக, எல்லாம் போக கையில் நிற்பது தினமும் ஒரே ஒரு நூறு ரூபாய்.

மழை ஏழு நாள் பெய்கிறது. வரவு? சைபர்!

செலவு நிற்குமா? நிற்காது. ஏழு நாள் வீட்டுச் செலவு 2,800 ரூபாய். அதை மளிகைக் கடையிலும் அக்கம்பக்கத்திலும் கடன் சொல்லியாகிவிட்டது. தண்டல் பாக்கி 700. இரண்டும் சேர்ந்து 3,500 ரூபாய்.

வெயில் வந்த பிறகு, தினம் மிஞ்சும் நூறு ரூபாயை வைத்து இந்த 3,500-ஐ அடைக்க எத்தனை நாள் ஆகும்?

முப்பத்தைந்து நாள்!

ஏழு நாள் மழைக்கு முப்பத்தைந்து நாள் வெயில் வேண்டும். டிசம்பர் 8-ந் தேதி வெயில் வந்தால், கடன் தீர ஜனவரி 11-ந் தேதி ஆகும். போகிக்கு இரண்டு, மூன்று நாள்தான் பாக்கி. அதற்குள் கரும்பு, வெல்லம், பிள்ளைகளுக்குப் புதுத்துணி என்று பொங்கல் செலவு வாசலில் நிற்கும். உடனே அடுத்த தண்டல்!

இதுவும் நல்ல காலம் இருந்தால்தான். நனைந்து போன மாவு, அடித்துக்கொண்டு போன தார்ப்பாய், வண்டிச் சக்கர ரிப்பேர், இடையில் ஒரு காய்ச்சல் - இது எதையும் இந்தக் கணக்கில் சேர்க்கவில்லை. அந்த நூறு ரூபாயில் மீதம் வைக்கவும் ஒன்றும் இல்லை.

மழை பெய்யும்போது எல்லோரும் ஒன்றாகத்தான் நனைகிறோம். வெயில் வந்த பிறகு, காய்வதில்தான் வித்தியாசம்.

ஏன் இந்த மழை?

நாட்டின் பெரும்பகுதிக்கு ஜூன் முதல் செப்டம்பர் வரை மழைக்காலம். நமக்கு அப்படி இல்லை. அக்டோபர், நவம்பர், டிசம்பர் - இந்த மூன்று மாத வடகிழக்குப் பருவமழைதான் சென்னைக்குச் சோறு போடும் மழை. ஓர் ஆண்டில் சென்னைக்குச் சராசரியாகக் கிடைக்கும் மழை சுமார் 140 செ.மீ. அதில் 80 செ.மீ.க்கு மேல் இந்த மூன்று மாதத்திலேயே பெய்து விடுகிறது.

அதுவும் தினம் கொஞ்சம் கொஞ்சமாகப் பெய்யாது. வங்கக் கடலில் காற்றழுத்தத் தாழ்வுநிலை உருவாகும். அது வலுத்தால் தாழ்வு மண்டலம். இன்னும் வலுத்தால் புயல். துறைமுகத்தில் எச்சரிக்கைக் கூண்டு ஏறும். அது கரைக்கு வந்து போகிற வேகத்தைப் பொறுத்துத்தான் நம் தலையெழுத்து. விறுவிறுவென்று கரையைக் கடந்தால் ஒரு நாள் ஆட்டம். கரைக்குப் பக்கத்திலேயே கடலில் நின்றுகொண்டு நகர மாட்டேன் என்று அடம் பிடித்தால் நாள்கணக்கில் ரோதனை.

அது விலகியதும் மேகக்கூட்டமும் அதோடு போய்விடும். காற்று அடங்கும். வெயில் அடிக்கும்.

இங்கே ஒரு வேடிக்கை உண்டு. மழை நாட்களில் பகலும் ஜில், இரவும் ஜில். இரண்டுக்கும் அதிக வித்தியாசம் இருக்காது. பகல் வெப்பம் 25 டிகிரியைத் தாண்டாமலே கூடப் போகும். மேகம் கம்பளி மாதிரி. பகலில் வெயிலை உள்ளே விடாது. இரவில் தரையின் சூட்டை வெளியே விடாது. மேகம் கலைந்ததும் பகல் வெப்பம் டிசம்பர் மாத வழக்கப்படி 29 டிகிரிப் பக்கம் ஏறும். ஆனால் இரவில் கம்பளி இல்லாத நிலம் சூட்டை விட்டுவிடும். அதனால் வெயில் வந்த பிறகுதான் விடியற்காலைப் பனி அதிகம்!

மாடி வீட்டுக்காரர்களுக்கு அது சுகமான குளிர். ஈரத் தரையில் கோணி விரித்துப் படுக்கும் குடிசைக் குழந்தைகளுக்கு அதுவே சளியும் இருமலும்.

மறக்க முடியுமா?

சென்னைக்காரர்கள் மழையைப் புயலின் பெயரைச் சொல்லித்தான் நினைவு வைத்திருக்கிறார்கள்.

2015 டிசம்பர் 1. தாம்பரத்தில் மட்டும் 24 மணி நேரத்தில் 49 செ.மீ. மழை. அடையாறு கரை புரண்டது. விமான நிலையத்தை நாள்கணக்கில் மூட வேண்டியதாயிற்று. வெள்ளத்தில் வீட்டோடு ரேஷன் கார்டு, பட்டா, பள்ளிச் சான்றிதழ் எல்லாம் போனது. நகல் கொடுப்பதற்காகவே அரசு சிறப்பு முகாம்கள் நடத்தியது.

2016 டிசம்பர் 12. வர்தா புயல். மழையை விடக் காற்றுதான் வில்லன். ஆயிரக்கணக்கான மரங்கள் சாய்ந்தன. மறுநாள் வெயில் அடித்தது. நிழலுக்கு மரம் இல்லை. வீட்டில் கரண்ட் இல்லை. கையில் பணமும் இல்லை! பழைய 500, 1,000 ரூபாய் நோட்டுகள் செல்லாது என்று அறிவித்து ஒரு மாதம்தான் ஆகியிருந்தது. ஏ.டி.எம். வாசலில் கியூ நிற்கலாம் என்றால் கரண்ட் இல்லாமல் அதுவும் அவுட். துட்டு இருக்கிறவர்களே பேஜார் பட்ட நேரத்தில், தினக்கூலிக்காரர்கள் நிலையைக் கேட்கவா வேண்டும்?

2021 நவம்பர் 6-ந் தேதி இரவு படுத்த சென்னை, 7-ந் தேதி காலையில் வெள்ளக்காட்டில் கண் விழித்தது. நுங்கம்பாக்கத்தில் 21 செ.மீ. மழை. தியாகராய நகர் கடைவீதியில் நாள்கணக்கில் தண்ணீர் நின்றது. தீபாவளி முடிந்து மூன்றே நாள். விற்காமல் மிஞ்சிய சரக்கெல்லாம் நனைந்தது.

2023 டிசம்பர் 3, 4. மிக்ஜாம் புயல். சென்னைக்குப் பக்கத்தில் கடலில் ஆமை வேகத்தில் நகர்ந்து, இரண்டு நாள் ஊரைப் புரட்டி எடுத்துவிட்டு, 5-ந் தேதி ஆந்திராவில் பாபட்லா அருகே கரையைக் கடந்தது.

அந்த 5-ந் தேதிதான் விசித்திரம். சென்னையில் மழை நின்றுவிட்டது. மேலே வெளிச்சம், கீழே இடுப்பளவு தண்ணீர்! வேளச்சேரி, பள்ளிக்கரணை, முடிச்சூர், புளியந்தோப்பு, பட்டாளம் - மழை விட்டும் வெள்ளம் விடவில்லை. தெருவில் படகு போனது. பால் பாக்கெட்டுக்கு அடிதடி. காரப்பாக்கத்தில் இந்தி நடிகர் அமீர்கானையும் நடிகர் விஷ்ணு விஷாலையும் படகில் வந்து மீட்ட படம் நாடெல்லாம் போனது.

பாதிக்கப்பட்ட குடும்பங்களுக்கு 6,000 ரூபாய் என்று அரசு அறிவித்தது. ரேஷன் கடைகளில் பணம் கொடுக்கத் தொடங்கியது டிசம்பர் 17-ந் தேதி. மழை நின்று 12 நாள் கழித்து.

பணம் பெரிய உதவிதான். இல்லை என்று யாரும் சொல்ல முடியாது. மேலே சொன்ன கணக்கில் 3,500 ரூபாய் ஓட்டையை அடைத்து, மேலும் 2,500 மிஞ்சும். ஆனால் தண்டல்காரர் 5-ந் தேதியே வந்துவிட்டார்! நடுவில் கிடந்த அந்தப் பன்னிரண்டு நாளில்தான் புதுக் கடன் பிறக்கிறது.

வெயிலை நம்பிப் பிழைப்பவர்கள்

மழை நின்ற அன்றே எல்லோருக்கும் வேலை கிடைத்துவிடாது. வெயில் வந்தாலும் காத்திருக்க வேண்டிய தொழில்கள் பல.

கட்டட வேலையைப் பாருங்கள். அஸ்திவாரக் குழியில் தண்ணீர் நிற்கும். அதை இறைக்க வேண்டும். ஈர மணல் காய வேண்டும். ஈரச் சுவரில் பெயிண்ட் பிடிக்காது. கொத்தனாரும் சித்தாளும் காலை ஏழு மணிக்கே டிபன் டப்பாவோடு முச்சந்தியில் வந்து நிற்பார்கள். "ரெண்டு நாள் போவட்டும்" என்று மேஸ்திரி சொல்லிவிட்டுப் போய்விடுவார். மழை நாளுக்குக் கூலி கிடையாது. வெயில் வந்த முதல் இரண்டு நாளுக்கும் கிடையாது!

சேத்துப்பட்டு, சைதாப்பேட்டை சலவைத் துறைகளில் வேறு கதை. அங்கே வெயில் வந்ததும் வேலை மலைபோலக் குவியும். ஒரு வார அழுக்கு மூட்டை ஒரே நாளில் வரும். எல்லாருக்கும் நாளைக்கே வேண்டும்! கொடியில் இடம் இருக்காது.

காசிமேட்டில், சூறைக்காற்று எச்சரிக்கை வந்தால் விசைப்படகு, நாட்டுப்படகு எல்லாம் கரையில். கடலுக்குப் போகாதே என்கிறது வானிலை மையம். போகாமல் இரு என்று வயிறு சொல்வதில்லை. வானம் வெளுத்தாலும் கடல் உடனே அடங்காது. கருவாடு போடும் பெண்களுக்குச் சேர்ந்தாற்போல் இரண்டு, மூன்று நாள் வெயில் வேண்டும். நடுவில் ஒரு தூறல் விழுந்தாலும் சரக்கு நாறிப்போகும். காசு கடலில் போட்டது மாதிரி.

2023 வெள்ளத்தில் எண்ணூர் பக்கம் இன்னொரு கொடுமை. வெள்ளத் தண்ணீரோடு எண்ணெய்க் கழிவும் முகத்துவாரத்துக்கு வந்து சேர்ந்தது. நெட்டுக்குப்பம், தாழங்குப்பம், காட்டுக்குப்பம் மீனவர்களின் படகும் வலையும் கருப்பாயின. மழை விட்டு, வெயில் வந்து, கடல் அடங்கியும் வலை போட முடியவில்லை.

கொசப்பேட்டையில் பொங்கல் பானை செய்கிறவர்களுக்கு மார்கழிதான் சீசன். களிமண்ணைப் பிசைந்து பானை வனைவது ஒரு பங்கு வேலை. அது காய்வதுதான் பெரிய வேலை. ஈரம் முழுக்கப் போகாமல் சூளையில் வைத்தால் வெடித்துவிடும். மார்கழியில் ஒரு வாரம் மழை என்றால், பொங்கலுக்கு முன்பு அந்த ஒரு வாரத்தைத் திருப்பி எடுக்க வழியே இல்லை. தை முதல் நாள் தள்ளிப்போகாதே!

செங்குன்றம், திருவள்ளூர் பக்கம் செங்கல் சூளைகளில் அறுத்து அடுக்கிய பச்சைக் கல் மழையில் கரைந்து மறுபடி மண்ணாகிவிடும். அறுத்த கூலியும் அதோடு கரையும்.

பூக்காரம்மாவுக்கோ வெயில் வந்தாலும் விடியாது. பனிக்காலத்தில் மல்லிகைச் செடி சரியாகப் பூக்காது. வரத்து குறைந்து விலை எகிறும். மார்கழியில் கோவிலுக்குக் கூட்டம் உண்டு. வாங்குகிற முழம்தான் பாதி ஆகிவிடும். "அரை முழம் குடும்மா" என்கிறார்கள். அந்த அரை முழத்தில் என்ன லாபம்?

வெயிலோடு வரும் காய்ச்சல்

தண்டல்காரருக்குப் பின்னால் இன்னொரு விருந்தாளி வருவார். அவர் எட்டு, பத்து நாள் கழித்துத்தான் வருவார்.

மழை கொட்டும்போது கொசு முட்டையும் அடித்துக்கொண்டு போகும். மழை விட்ட பிறகு தேங்கும் நல்ல தண்ணீர்தான் டெங்குவைப் பரப்பும் ஏடிஸ் கொசுவுக்குத் தொட்டில். தேங்காய் ஓடு, பழைய டயர், பூந்தொட்டித் தட்டு, பிரிட்ஜுக்குப் பின்னால் இருக்கும் தண்ணீர்த் தட்டு, மாடியில் கிடக்கும் உடைந்த பக்கெட் - ஒரு குவளைத் தண்ணீர் போதும். வெயில் இதமாக இருந்தால் முட்டை கொசுவாக மாற ஏழு முதல் பத்து நாள். இந்தக் கொசு பகலில் கடிக்கும். டெங்கு கிருமி உள்ள கொசு கடித்து நாலு முதல் பத்து நாளில் காய்ச்சல் தெரியும்.

கூட்டிப் பாருங்கள். மழை பெய்த வாரத்தில் யாருக்கும் ஒன்றும் இருக்காது. ஊரே மழையை மறந்து போன இரண்டாவது, மூன்றாவது வாரத்தில் வீட்டுக்கு ஒருவர் படுப்பார்கள்!

வெறும் காலில் வெள்ளத்தில் நடந்தவர்களுக்கு எலிக்காய்ச்சல் பயமும் உண்டு. எலியின் சிறுநீர் கலந்த தண்ணீர், காலில் உள்ள வெடிப்பு, புண் வழியாக உடம்புக்குள் போகும். பெரும்பாலும் ஐந்து முதல் பதினாலு நாளில் காய்ச்சல் காட்டும். கெண்டைக்காலில் பிடுங்குகிற வலியும் கண் சிவப்பும் இருந்தால், "மழையில நனைஞ்ச காய்ச்சல்தானே" என்று கசாயம் வைத்துக்கொண்டு உட்காராதீர்கள். டாக்டரிடம் போய், "தண்ணியில நடந்தேன்" என்று மறக்காமல் சொல்லுங்கள்.

இன்னொன்று. டெங்குவில் ஆபத்தான கட்டம், காய்ச்சல் ஏறும்போது அல்ல; இறங்கும்போது! உடம்பு குளிர்ந்துவிட்டது, வேலைக்குப் போகலாம் என்று கிளம்புகிற நேரத்தில்தான் சிலருக்கு நிலைமை மோசமாகும். வயிற்று வலி, விடாத வாந்தி, ஈறில் ரத்தம், தள்ளாட்டம் - இதில் ஒன்று இருந்தாலும் உடனே ஆஸ்பத்திரி. மருந்துக் கடையில் கேட்டு வலி மாத்திரை வாங்கிப் போடக் கூடாது. ஆஸ்பிரின், இபுபுரூபன் போன்றவை டெங்குவில் ரத்தக் கசிவை அதிகமாக்கும்.

தினக்கூலிக்காரருக்கு ஒரு வாரக் காய்ச்சல் என்றால் இன்னொரு மழை வாரம். அதே ஏழு நாள். அதே 3,500 ரூபாய். முப்பத்தைந்து நாள் எழுபது நாள் ஆகிவிடும்!

அதனால் வெயில் வந்த முதல் ஞாயிற்றுக்கிழமை, துணி காய வைக்க மாடிக்குப் போகிறவர்கள் அங்கே தேங்கிய தண்ணீரையும் கொட்டிவிட்டு வாருங்கள். குடிதண்ணீரைக் கொதிக்க வைத்துக் குடியுங்கள். தெருவில் தண்ணீர் நின்றால் மாநகராட்சிக்கு 1913. அறுந்த கம்பி, நனைந்த மின்பெட்டி என்றால் தொடாதீர்கள். மின்னகத்துக்கு 94987 94987. தண்ணீர் புகுந்த வீட்டில் சுவரும் சுவிட்சும் நன்றாகக் காயாமல் மெயினைப் போடாதீர்கள்.

சட்டம் இருக்கிறது!

"தண்டல் வாங்காதே" என்று சொல்வது சுலபம். ஏழு நாள் பட்டினி கிடந்தவரிடம் அதைச் சொல்லிப் பாருங்கள். அடுத்த கேள்வி, "அப்ப நீ குடுக்கிறியா?" என்று வரும். நியாயமான கேள்விதான்.

ஆனாலும் தெரிந்துகொள்ள வேண்டியது சில உண்டு.

தமிழ்நாட்டில் 2003-ல் கந்துவட்டித் தடைச் சட்டம் வந்தது. கந்துவட்டி, மீட்டர் வட்டி, மணிக்கணக்கு வட்டி, நாள் வட்டி, தண்டல் என்று தெருப்பெயர்களையே அந்தச் சட்டம் எழுதி வைத்திருக்கிறது. அநியாய வட்டி வாங்கினால் மூன்று ஆண்டு வரை ஜெயில். 30,000 ரூபாய் வரை அபராதம். வண்டியைப் பிடுங்குவது, வீட்டு வாசலில் நின்று மானத்தை வாங்குவது எதையும் பொறுத்துக்கொள்ள வேண்டியது இல்லை.

நடைபாதை வியாபாரிகளைக் காக்க 2014-ல் மத்திய அரசு தனிச் சட்டம் போட்டது. மாநகராட்சியின் வியாபாரி அடையாள அட்டைக்கு ஆதாரம் அதுதான். கொரோனா ஊரடங்கில் முடங்கிய வியாபாரிகளுக்கு என்று 2020-ல் பி.எம். ஸ்வநிதி திட்டம் வந்தது. முதல் கடன் 10,000 ரூபாய் என்று தொடங்கிய திட்டம் அது. அடமானம் இல்லை. ஒழுங்காகக் கட்டினால் 7 சதவீத வட்டி மானியமும் உண்டு.

நமது கணக்கில் வந்த அதே பத்தாயிரம்! ஒரு பக்கம் 1,500 ரூபாய் முதலிலேயே பிடிப்பு. இன்னொரு பக்கம் பிடித்தம் இல்லாமல் பேங்குக் கடன். அட்டை இருக்கிறவர் பேங்குக்குப் போகலாம். அட்டை இல்லாதவர் தண்டல்காரரிடம்தான் போக வேண்டும். ஆகவே அட்டைக்கு அலைய வேண்டிய நேரம் மழைக்காலம் அல்ல, வெயில் காலம். மே மாதத்தில் வாங்கி வைத்த அட்டைதான் டிசம்பரில் சோறு போடும்.

வாரியத்தில் பதிந்த மண்பாண்டத் தொழிலாளர்களுக்கு மழைக்கால நிவாரணம் என்று ஓர் உதவியும் உண்டு. பதியாதவர்களுக்கு மழை மட்டும்தான்!

மழையைத் திட்ட முடியுமா?

முடியாது. அது நம் குடிதண்ணீர்.

2019 ஜூனில் பூண்டி, சோழவரம், புழல், செம்பரம்பாக்கம் நாலு ஏரிகளும் வறண்டு கிடந்ததை மறக்க முடியுமா? காலிக் குடத்தோடு நள்ளிரவில் லாரிக்காகக் காத்துக் கிடந்தோம். ஜூலையில் ஜோலார்பேட்டையில் இருந்து ரெயிலில் தண்ணீர் வந்தது. அன்றைக்கும் குடத்துக்கு இவ்வளவு என்று காசு கொடுத்து வாங்கியதும், தண்ணீர் பிடிப்பதற்காக ஒரு நாள் கூலியை விட்டதும் இதே தினக்கூலிக் குடும்பங்கள்தான். மழை பெய்தாலும் அடி, பெய்யாவிட்டாலும் அடி!

ஆக, குற்றம் மழை மீது இல்லை. வெயில் மீதும் இல்லை. இரண்டுக்கும் நடுவே இருக்கிற அந்த ஒரு வாரச் சம்பளத்தை யார் ஈடு கட்டுவது என்பதுதான் கேள்வி.

நாம் என்ன செய்யலாம்?

அரசு செய்ய வேண்டியது ஒன்று. நிவாரணம் கொடுப்பது என்று முடிவானால், வெயில் வந்த மூன்றாம் நாளுக்குள் கைக்குப் போய்ச் சேர வேண்டும். பன்னிரண்டாம் நாள் வருகிற பணம் கடன்காரருக்குத்தான் போய்ச் சேரும்.

நாம் செய்யக் கூடியதும் உண்டு. பெரிய தர்மம் எதுவும் வேண்டாம்.

வீட்டு வேலை செய்யும் அம்மா மழையில் நாலு நாள் வரவில்லை என்று சம்பளத்தில் பிடிக்காதீர்கள். அவர் வீட்டுக்குள் தண்ணீர் நின்றிருக்கும். உங்கள் ஆபீசுக்கு மழை லீவு விட்டபோது உங்கள் சம்பளத்தைப் பிடித்தார்களா?

கட்டட வேலை நடத்துகிறவர்கள், வெயில் வந்ததும் குழித் தண்ணீர் இறைக்கிற வேலையையாவது பழைய ஆட்களுக்கே கொடுக்கலாம். இரண்டு நாள் முன்பணம் கொடுத்தால் ஓடிப்போய்விட மாட்டார்கள். மறுநாள் முதல் ஆளாக வந்து நிற்பார்கள்.

வெயில் வந்த முதல் வாரம் காய்கறியும் பூவும் இட்லியும் தெருமுனையில் வாங்குங்கள். பத்து ரூபாய்க்குப் பேரம் பேசாதீர்கள். அந்தப் பத்து ரூபாய்க்கு அந்த வாரம் வேறு விலை.

தெருமுனை அக்காவுக்கு வேண்டியது இரக்கம் இல்லை, வியாபாரம். தினம் நூறு ரூபாய் மிஞ்சுகிற கடையில் நூற்றைம்பது மிஞ்சினால், முப்பத்தைந்து நாள் கடன் இருபத்து நாலு நாளில் தீர்ந்துவிடும். பொங்கலுக்கு முன்னால் பதினோரு நாள் கையில் நிற்கும்!

அந்தப் பதினோரு நாள் காசில், புதுத் தண்டல் வாங்காமலே பானையில் பால் பொங்கும்.